வலிப்புக்கு நீ சேர்த்த பெயர்கள்

என் பிரியமுள்ள சாமு, மச்சானே,

தினமும் ரயிலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தவனுக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா? நீ உயிரோடு இருந்தவரை உனக்கு நான் ஒரு போஸ்ட் கார்டுகூடப் போட்டதில்லை. இப்போது பார், பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். நாலு பேர் படிக்கட்டும். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் மலருக்கு வலிப்பு வந்தது. பதறாதே, உன் மகள் நன்றாக இருக்கிறாள். இதோ, வாசலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பாண்டி ஆடிக்கொண்டிருக்கிறாள். கோட்டை மிதித்துவிட்டு மிதிக்கவில்லை என்று சாதிக்கிறாள். அந்த வாய் யாருடையது என்று கேட்காதே.

நல்ல காய்ச்சல் அடித்தது. அந்தச் சூட்டில் வந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு எதிரே கிளினிக் வைத்திருக்கும் லேடி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வேகத்தில் இப்படி வருவதுண்டு, அநேகமாக வளர வளர நின்றுவிடும் என்று சொன்னார். உனக்கு இருந்ததும் இதுவும் ஒன்றல்ல என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மலருக்கு உடம்பு தேறிவிட்டது, வீட்டுக்குத்தான் இன்னும் தேறவில்லை. அம்மா அன்றைக்கே வாசல் கதவைச் சாத்திவிட்டு எங்கள் எல்லாரையும் உட்காரவைத்து, "கேக்கறவங்க கிட்ட காய்ச்சல்னு மட்டும் சொல்லுங்க. பொம்பளப் பிள்ளை. அப்பனுக்கு இருந்ததையும் இதையும் ஊரு முடிச்சுப் போட்டுடும். அவ கிட்டயும் இனிமே இந்தப் பேச்சை எடுக்காதீங்க" என்றாள். அம்மா சொன்னதில் தப்பே இல்லை என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் உனக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேனே? உன் மகள் விஷயத்தில் அதைக் காப்பாற்றுவதா, உன்னோடு புதைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வதா?

அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்தபோது நான் என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கிண்டியில் ஆரம்பித்த கதையை நீ எப்போதாவது தாம்பரத்துக்கு முன்னால் முடித்திருக்கிறாயா? இன்றைக்கு என் முறை. பொறுத்துக்கொள்.

நாம் பழகியதே ஒரு சாவியால்தான். எனக்குக் கோட்டைப் பக்கம் குமாஸ்தா வேலை, உனக்கு பீச் ஸ்டேஷன் அருகே கப்பல் ஏஜெண்ட் ஒருவரின் ஆபீஸில் வேலை. ஒரே சாயங்கால வண்டி. முகம் தெரியும், பெயர் தெரியாது. ஒருநாள் சைதாப்பேட்டை தாண்டியதும் நீ ஒரு மாதிரி கத்தினாய். விழக்கூட இடமில்லாத கூட்டம், அதனால் என்மேல் சாய்ந்தாய். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. எனக்குக் கைகால் ஓடவில்லை.

வேர்க்கடலை விற்கிற ஆள்தான் முதலில் குரல் கொடுத்தான். "இஸ்துக்கிச்சு சார், இஸ்துக்கிச்சு! இரும்பு குடு சார், இரும்பு! யார் கையிலனா சாவி கீதா?"

அவ்வளவுதான். ஆளாளுக்கு இடுப்பையும் பையையும் தடவினார்கள். வீட்டுச் சாவி, பீரோ சாவி, சைக்கிள் சாவி எல்லாம் உன் கைக்குள் வந்து விழுந்தன. சாவி இல்லாத ஒருவர் குடையை நீட்டினார். நானும் ஒன்றும் தெரியாமல் என் வீட்டுச் சாவியை உன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். இன்றைக்கும் ஊரில் அப்படித்தானே செய்கிறோம்? வலிப்பு வந்தால் இரும்பு. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

குரோம்பேட்டை வரும்போது கண்ணைத் திறந்தாய். "எந்த ஸ்டேஷன்?" என்றாய். அதுதான் நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஒரே குரலில், "ஒண்ணுமில்ல சார், ஒண்ணுமில்ல" என்றார்கள். எவனும் ஸ்டேஷன் பெயரைச் சொல்லவில்லை.

தாம்பரத்தில் அவரவர் சாவியை அவரவர் பொறுக்கிக்கொண்டு இறங்கினார்கள். என்னுடையது மட்டும் உன் மூடிய கைக்குள்ளேயே நின்றுவிட்டது. கூட்டத்தில் நீ எந்தப் பக்கம் போனாய் என்று தெரியவில்லை. அப்பாவும் அம்மாவும் அன்று திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். தங்கை கிருபா டீச்சர் டிரெயினிங் முடிந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"முகம் தெரியாத ஆள் கையில வீட்டுச் சாவியக் குடுத்துட்டு வந்திருக்கியே அண்ணா, உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா?" என்றாள். பக்கத்து வீட்டில் சுத்தியல் வாங்கிப் பூட்டை உடைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் நீ என்னைத் தேடிப் பிடித்தாய். "உங்க சாவியா சார்? எங்க வீட்டுக் கதவுல போட்டுப் பாத்தேன், திறக்கல" என்றாய், முகத்தில் சிரிப்பே இல்லாமல். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காப்பி சாப்பிட வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அதற்குள் கிருபா புதுப் பூட்டு வாங்கி மாட்டியிருந்தாள். நீ நீட்டிய சாவியைப் பார்த்துவிட்டு, "அதுக்குப் பூட்டே இல்ல, உடைச்சாச்சு. நீங்களே வச்சுக்குங்க. அடுத்த தடவை மத்தவங்க சாவியாவது பிழைக்கும்" என்றாள். நீ அவளைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

ரயிலில் எல்லாரும் எல்லாரையும் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். நம் விஷயத்தில் அது பலித்தது.

பழகப் பழகத்தான் உன் விநோதம் தெரிந்தது. ஒவ்வொருத்தன் தபால்தலை சேர்ப்பான், தீப்பெட்டிப் படம் சேர்ப்பான். நீ உன் நோய்க்குப் பெயர் சேர்த்தாய். யாராவது புதுசாக ஒரு பெயர் சொன்னால் போதும், உன் முகம் மலர்ந்துவிடும். எல்லாம் மனசுக்குள்தான். கேட்டால் விரல்விட்டு ஒப்பிப்பாய்.

முடிச்சூர் வைத்தியர் அபஸ்மாரம் என்றார். நீ விடாமல் அர்த்தம் கேட்டாய். நினைவு தப்பிப் போவது என்றார். "பாத்தியா மச்சான், இந்தப் பேரு வச்சவன் ஒருத்தன்தான் கை கால் ஆடறதை விட்டுட்டு உள்ள என்ன நடக்குதுன்னு யோசிச்சிருக்கான்" என்றாய்.

நம் சபைப் போதகர் சந்திரரோகம் என்றார். நிலா வளர்வதற்கும் தேய்வதற்கும் ஏற்ப வரும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்களாம். "நிலாவுக்கும் எனக்கும் என்ன தகராறு? அமாவாசையன்னைக்கும்தானே வருது?" என்று அவரிடமே கேட்டாய். அவர் சிரித்துவிட்டார்.

நம் பெட்டியில் வருவாரே கோதண்டம், பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் நிலம் வைத்திருந்து அதை மனையாகப் போட்டு விற்றவர், அவர் ஒருநாள், "எங்க பெரியவங்க இத்த முயலகன்னு சொல்லுவாங்க சார். நடராசர் காலுக்குக் கீழ ஒருத்தன் கீறான் பாரு, அவன் பேரு" என்றார். உனக்கு அன்று முழுக்க அதே பேச்சு. "அப்போ ஆட்டம் என் மேலதான் நடக்குது. நான் கீழ படுத்துக்கிட்டுத் தாங்கறேன்" என்றாய். கோதண்டம் கையெடுத்துக் கும்பிட்டார், உன்னையா நடராஜரையா என்று தெரியவில்லை.

உன் ஆபீஸில் ஃபிட்ஸ். மானேஜர் அதைக்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வாராம். இங்கிலீஷில் சொன்னால் வியாதி, தமிழில் சொன்னால் அவமானம் என்று நீ கேலி செய்வாய். கேலி செய்யும்போது உன் குரல் கொஞ்சம் கம்மும். அதையும் கவனித்திருக்கிறேன்.

காக்கா வலிப்புக்குத்தான் பெரிய சண்டை. கால் கை வலிப்பு என்பதுதான் ஜனங்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து காக்கா வலிப்பு ஆகிவிட்டது, காக்காவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது உன் கட்சி. கிருபா ஒத்துக்கொள்ளவே இல்லை. "அடிபட்ட காக்கா தரையில கிடந்து இறக்கையை அடிச்சுக்கறதைப் பாத்திருக்கீங்களா? பாத்தவங்கதான் அந்தப் பேரை வச்சிருப்பாங்க" என்றாள். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க நீங்கள் இரண்டு பேரும் காக்காவுக்காகச் சண்டை போட்டீர்கள். அவள் உன் நோயைப் பற்றி உன் முகத்துக்கு நேராக, பரிதாபப்படாமல், சத்தம் போட்டுப் பேசினாள். அதற்கு முன் யாரும் அப்படிப் பேசியதில்லை என்று ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் என்னிடம் சொன்னாய். யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு பேரையும் நம்புகிறேன்.

அப்புறம் கோவளம். வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போய், அங்கே வேறு பஸ் பிடித்துப் போனோமே, ஒரு விடுமுறை நாளில். கரையில் இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று கடலுக்குள் கிடந்த வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்ற பெரியவர், "வலிங்கடா, வலி, வலி" என்று கத்தினார். நீ அப்படியே நின்றுவிட்டாய். செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, போய்க் கயிற்றைப் பிடித்தாய். அவர்களும் இடம் விட்டார்கள். உள்ளங்கை சிவக்கச் சிவக்க இழுத்தாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே உற்சாகம். "வலிக்கறதுன்னா இழுக்கறதுதானே மச்சான்? துடுப்பு வலிக்கறோம், வலை வலிக்கறோம். அதே வார்த்தைதான். இத்தனை நாளா இந்தப் பேரைக் கேட்டாலே கூனிக்குறுகிப் போவேன். இழுக்கறதுன்னு மட்டும்தான் அர்த்தம். பேய் இல்ல, பாவம் இல்ல, சாபம் இல்ல. இதுல எனக்கு என்ன வெக்கம்?" என்றாய். அன்றிலிருந்து மற்ற பெயர்களை எல்லாம் வேடிக்கைக்கு வைத்துக்கொண்டாய். உன் நோய்க்கு உன் வாயில் வலிப்பு ஒன்றுதான் பெயர்.

அந்தப் பஸ்ஸில்தான் என்னிடம் வாக்கு வாங்கினாய். "எனக்குக் கண்ணு முழிக்கும்போது ரொம்பப் பயமா இருக்கும்டா. எங்க இருக்கேன்னு தெரியாது. நாக்கு கடிபட்டு எரியும். சுத்தி நிக்கறவங்க எல்லாரும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு பொய் சொல்லுவாங்க. ஒண்ணுமில்லன்னா ஏன் எல்லாரும் என்னையே பாக்கறாங்க? நீயாவது உள்ளதைச் சொல்லு. வலிப்பு வந்துச்சு, முடிஞ்சு போச்சு, இது இன்ன ஸ்டேஷன். அவ்வளவு சொன்னா போதும், நான் எழுந்துடுவேன்."

அதற்கப்புறம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மாம்பலத்தில் சொல்லியிருக்கிறேன், மீனம்பாக்கத்தில் சொல்லியிருக்கிறேன். நீயும் தலையை ஆட்டிவிட்டு, "அப்போ ரெண்டு ஸ்டேஷன் போச்சு" என்று ஏதோ சில்லறை தவறவிட்டவன் மாதிரி சொல்வாய்.

பெண் கேட்டு வந்தபோது மட்டும் உன் வாய் கட்டிப்போய்விட்டது. உன் அம்மா முந்திக்கொண்டு, "எப்பவாவது லேசா மயக்கம் வரும்" என்று எங்கள் அப்பாவிடம் சொன்னார்கள். கிருபாவுக்கும் எனக்கும் முழுசும் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. அப்பா தன் வாத்தியார் தோரணையில், "மயக்கமா? பித்தமா இருக்கும். இஞ்சிச் சாறு குடிக்கச் சொல்லுங்க" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய். அன்று நீ காப்பியைத் தொடவே இல்லை.

நம் கிறிஸ்தவ வழக்கம் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, யாருக்காவது தடை தெரிந்தால் இப்போதே சொல்லுங்கள் என்று போதகர் சபையைப் பார்த்துக் கேட்பார். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஒரு நிமிஷம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள்.

முதல் ஞாயிறு போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது ஞாயிறு போதகர் தடை உண்டா என்று கேட்டதும், ஆண்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. யாரடா கெடுக்க வந்தவன் என்று கோபமாகத் திரும்பிப் பார்க்கிறேன். நீ!

மாப்பிள்ளையே எழுந்து நின்றதை அந்தக் கோயில் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

"தடைன்னு இல்லீங்க ஐயா. ஒரு விஷயம் சபைக்குத் தெரியணும். எனக்கு வலிப்பு உண்டு. மயக்கம்னு பெண் வீட்டுல சொல்லியிருக்கு. அது மயக்கம் இல்ல, வலிப்பு." குரல் நடுங்கியது. ஆனால் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

உன் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். எங்கள் அப்பாவின் கையிலிருந்த பாட்டுப் புத்தகம் மூடியது. போதகர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். உன்மேல் அப்படி ஒரு கோபம். வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் பத்து நாளில் கல்யாணம்!

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து கிருபா எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். வகுப்பில் பிள்ளைகளை அடக்குகிற அதே குரலில், "எனக்குத் தெரியும் ஐயா. நீங்க மேல வாசிங்க" என்றாள்.

போதகர் மேலே வாசித்தார். வேறு என்ன செய்வார்?

வெளியே வந்ததும் அப்பா உன்னைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் பின்னாலேயே போனேன், கைகலப்பு ஆகிவிடுமோ என்று பயந்துகொண்டு. அப்பா கோயில் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார்.

"சொல்லியிருக்கணும் மாமா. அம்மா முகத்தைப் பாத்துட்டுச் சும்மா இருந்துட்டேன். ஆனா பொய் சொல்லிக் கட்டிக்கிட்டா, ஒவ்வொரு தடவையும் கிருபா முகத்துல முழிக்கும்போது எனக்கு வெக்கமா இருக்கும்."

அப்பா மறுபடியும் சுவரைப் பார்த்தார். அப்புறம் கேட்டார், "கல்யாணத்தன்னைக்கு வந்துச்சுன்னா நாங்க என்ன செய்யணும்?"

அந்த ஒரு கேள்விக்கு உன் கண் நிறைந்துவிட்டது மச்சான். எனக்கும்தான். ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், கழுத்துப் பட்டனைத் தளர்த்த வேண்டும், இடிக்கிற சாமானை நகர்த்த வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, தானாக அடங்கும் என்று பாடம் மாதிரி சொன்னாய். "சாவி?" என்றார் அப்பா. "சாவி வேணாம் மாமா. அதனால ஒரு பிரயோஜனமும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டார்." அப்பா தலையாட்டினார். ஆனாலும் கல்யாணத்தன்று உன் பக்கத்திலேயே நின்ற மனுஷன் சட்டைப் பையில் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கியதைப் போட்டோவில் இன்றைக்கும் பார்க்கலாம். அன்று உனக்கு ஒன்றும் வரவில்லை. எல்லாம் தன் சாவிக்கொத்தால்தான் என்று அப்பா இன்றுவரை நம்புகிறார்.

நீ போன விதத்தைப் பற்றியும் இதில் எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் ஊர் அதை மாற்றிச் சொல்கிறது. வலிப்பிலேயே போய்விட்டான் என்கிறார்கள். உனக்கு வந்தது மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் உனக்கு வலிப்பு வரவே இல்லை. வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, கடைசி இரண்டு மூன்று வருஷமாக அது உன்னை அநேகமாக விட்டுவிட்டது என்பதும் ஊருக்குத் தெரியாது. ஒருவனுக்கு வலிப்பு இருந்தால் அவன் வேறு எதனாலும் சாகக் கூடாதா?

உன் பிள்ளைக்கு அப்போது விவரம் தெரியாத வயசு. ஆனால் உன்னை அவள் மறக்காமல் இருக்க நான் என்னால் முடிந்ததைச் செய்கிறேன். சோறு ஊட்டும்போது உன் ரயில் கதைதான். "அப்பா கிண்டியில கண்ணை மூடினாரா, பல்லாவரத்துல திறந்தாரா, திறந்ததும் என்ன கேட்டார்?" என்பேன். அவள் வாயில் சோற்றோடு பதில் சொல்வாள். நீ ஏறாத ஸ்டேஷனையும் சேர்த்துச் சொல்வேன். கதை நீண்டால்தானே தட்டு காலியாகும்?

அந்தச் சாவி எங்கள் வீட்டுக் கூடத்து ஆணியில் தொங்குகிறது. பூட்டே இல்லாத சாவி எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எல்லாரும் சாப்பிட்டு முடித்த நேரம். காய்ச்சலோடு பாயில் படுத்திருந்தவள் திடீரென்று விறைத்தாள். கண் மேலே செருகியது. கைகள் வெட்டி வெட்டி இழுத்தன. அத்தனை சின்னக் கை, அதில் அத்தனை பலம். உன் கையையே பார்த்த மாதிரி இருந்தது. அம்மா "ஐயோ" என்று கத்தினாள். கிருபாவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் அவள்தான் முதலில் அசைந்தாள். நான் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன், கிருபா கவுன் பட்டனைத் தளர்த்தினாள். பக்கத்தில் இருந்த செம்பை நகர்த்தினேன். அப்புறம் காத்திருந்தோம். நீ சொல்லிக்கொடுத்ததுதான். காத்திருப்பதுதான் கஷ்டம் என்று நீ சொல்லவில்லை, உனக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

அடங்கியது. தூங்குகிற மாதிரி கிடந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண் இமை அசைந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான், என் நாக்கு நுனியில் "ஒண்ணுமில்ல கண்ணு" வந்து நின்றது. அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது, அன்றைக்கு ரயிலில் உன்னிடம் அப்படிச் சொன்னவர்கள் பொய்க்காரர்கள் இல்லை. பாசத்தில் சொல்லியிருக்கிறார்கள். தங்கள் பயத்தை அடக்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள், சொல்லாதே என்று. நான் கிருபாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கோயிலில் எழுந்து நின்றவளின் அதே முகம்.

மலர் கண்ணைத் திறந்தாள். எங்கள் எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பயந்துதான் இருந்தாள், உதடு பிதுங்கியது. கையை விரித்துப் பார்த்தாள். உள்ளே அந்தப் பழைய சாவி. யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை, அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதைப் பார்த்துவிட்டு, தொண்டை கட்டின குரலில் கேட்டாள்.

"மாமா, எந்த ஸ்டேஷன்?"

நான் உடைந்துபோனேன். ஆனால் சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

"வலிப்பு வந்துச்சு கண்ணு. முடிஞ்சு போச்சு. தாம்பரம் வந்தாச்சு. அம்மா பக்கத்துலயே இருக்கா."

"எவ்வளவு ஸ்டேஷன் போச்சு?"

"ஒண்ணே ஒண்ணு. சின்ன ஸ்டேஷன்."

அவள் தலையை ஆட்டினாள். உதடு நேரானது. "தண்ணி" என்றாள். கிருபா வாய்விட்டு அழுதாள், நீ போன பிறகு முதல் தடவையாக. அழுதுகொண்டே சிரித்தாள். அம்மாவின் கை என் தோளிலிருந்து இறங்கியது.

கிளினிக்கில் டாக்டர் வீட்டில் யாருக்காவது உண்டா என்று கேட்டபோது, கிருபா தயங்காமல், "இவ அப்பாவுக்கு வலிப்பு இருந்துச்சு டாக்டர்" என்றாள். "மறைக்காமச் சொன்னீங்களே, நல்லதாப் போச்சு. பாதிப் பேர் சொல்றதே இல்ல" என்றார் டாக்டர். கதவு திறந்துதான் இருந்தது, வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்திருந்த எல்லார் காதிலும் விழுந்தது. வானம் இடிந்து விழவில்லை. மாறாக, மூலையில் மடியில் பிள்ளையோடு இருந்த ஒரு பெண், நாங்கள் வெளியே வந்தபோது கிருபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பொண்ணுக்குமா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். இரண்டு பேரும் வாசலில் நின்று வெகுநேரம் பேசினார்கள். நான் மலரைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன். இந்தத் தடவை காத்திருப்பது கஷ்டமாக இல்லை.

அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். கிருபாவிடம் கேட்டேன். "அனுப்பு அண்ணா. அவர் எழுந்து நின்னு சொன்னதை நாம உக்காந்து எழுதறோம், அவ்வளவுதானே" என்றாள். மலரிடமும் கேட்டேன். "என் பேரு வருமா?" என்றாள். அம்மா மட்டும் இன்னும் முணுமுணுக்கிறாள். ஆனால் நேற்று பால்காரர் விசாரித்தபோது, "காய்ச்சல்ல வலிப்பு வந்துச்சுப்பா, இப்போ பரவாயில்ல" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்துகொண்டேன்.

மச்சான், அடுத்த வருஷம் உன் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கு இது மறுபடி வரலாம், வராமலே போகலாம். வராமல் போகட்டும் என்றுதான் தினமும் ஜெபம் செய்கிறோம். வந்தால் வரட்டும். அவள் எங்கே கண்ணை மூடினாலும், திறக்கும்போது பக்கத்தில் இருந்து பேரைச் சொல்லி, ஸ்டேஷனையும் சொல்ல நான் இருப்பேன். நான் இல்லாத இடத்தில் அவளே சொல்லிக்கொள்ளும்படி வளர்ப்பேன். உனக்குக் கொடுத்த வாக்கு இனி அவளுக்கு.

இப்படிக்கு,
பூட்டில்லாத சாவியை உன் கையில் கொடுத்து, தங்கையையும் கொடுத்த
உன் மச்சான்,
மலரின் தாய்மாமன்,
ஆசீர்,
மேற்குத் தாம்பரம்.